கட்டில் முனகும் வீடு

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது, பலகாரம் சுடக் கூடாது. அதனால் தீபாவளிக்குத் தெருவே எங்களுக்குப் பலகாரம் கொண்டுவந்தது. அப்பா போனதில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம், எல்லா வீட்டு அதிரசமும்.

அம்மா எதையும் தொடவில்லை. தூங்கவும் இல்லை. அப்பா இருந்தவரை, மதியம் அவர் ஏறிப் படுத்ததும் இரும்புக் கட்டில் முனகும். அந்தச் சத்தம் கேட்டால்தான் கீழே பாயில் அவளுக்குக் கண் சொருகும். நான் ஏறிப் படுத்துப் பார்த்தேன். கனம் போதவில்லை; நான் வந்ததே கட்டிலுக்குத் தெரியவில்லை. சாப்பிட ஆரம்பித்தேன். அதிரசம் தீர்ந்ததும் கார்த்திகைப் பொரி உருண்டை வந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.

கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்த எதிர்வீட்டு பிலோமினா அக்கா என் வயிற்றைப் பார்த்தார். "துக்க வீட்டுப் புள்ள மாதிரியாடா இருக்க? வளைகாப்புக்கு உக்காரப் போறவ மாதிரி இருக்க."

மறுநாள் மதியம் படுத்தேன். கட்டில் முனகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

பாயிலிருந்து அம்மா, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அப்பா படுத்தா ரெண்டு தரம் முனகும்டா."

பிறகு கையை மட்டும் நீட்டி, கேக் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.