ஷட்டர் நயினாரும் பேட்டரியும்

"பேட்டரியில ஓடுறது எதுவும் இந்த நயினார் பக்கத்துல வரப்படாது. தாராவியில பாதிக் கடைக்கு ஷட்டர் நான் மாட்டுனது. கரண்டுன்னா செவுத்துல இருந்து வரணும், வயர் வழியா வரணும். அதுதான் மிஷின். மத்ததெல்லாம் புள்ளையளுக்கு வாங்கிக் குடுக்குற பொம்ம."

தொண்ணூறு அடி ரோட்டில் யாசரின் டூல்ஸ் கடைக் கவுண்டருக்கு முன்னால் நின்று இதைச் சொன்னபோது, நயினார் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. நாட்டுக்கு ஒரு சட்டத்தை அறிவிப்பவரின் தோரணை இருந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி மாரீஸ்வரியிடம் எந்த அசைவும் இல்லை. அந்தச் சட்டத்தை அவள் ஒரு வாரமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

யாசருக்கு இப்படிப்பட்டவர்கள் புதிதல்ல. கையடக்கமான டிரில் ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தான்.

"அண்ணாச்சி, இது பன்னெண்டு வோல்ட்டு. ஒரு கிலோ தேறுனா பெருசு. ஏணியில நின்னு ஒத்தக் கையால ஸ்க்ரூ முடுக்கலாம். வீட்டு வேலைக்கும் ஆகும், ஷட்டர் வேலைக்கும் ஆகும். கான்கிரீட்டுக்கு மட்டும் ஒங்க பழைய வயர் மிஷின வச்சுக்கிடுங்க."

"ஏணியில நிக்கிறதப் பத்தி நீ எனக்குச் சொல்லுதியா?"

"சொல்லத்தான் வேணும்," என்றாள் மாரீஸ்வரி. "ரெண்டு தடவ ஏணியில இருந்து விழுந்துட்டாரு தம்பி. போன மாசம் வடாலாவுல, இந்த மாசம் தேவ்நார்ல. மூணாவது தடவைக்கு எவனும் கீழ மெத்தை விரிச்சு வச்சிருக்க மாட்டான்."

"அது வயர் காலத் தட்டுனது."

"அப்படின்னு நீங்கதான சொல்லுதிய. அதான் வயர் இல்லாததப் பாருங்கன்னு கூட்டிட்டு வந்திருக்கேன்."

நயினாருக்கு, தான் கொண்டுவந்த சாட்சியே எதிர்த்தரப்புக்குப் பேசிவிட்ட வக்கீலின் நிலைமை. யாசருக்குச் சிரிப்பு வந்தது. பில் புத்தகத்தைக் குனிந்து தேடுகிற சாக்கில் அதை முடித்துக்கொண்டான்.

"சரி, இந்த இத்தினிக்கூண்டு சாமான் என்னத்தக் கிழிக்கும்?"

யாசர் ஓர் இரும்பு ஆங்கிள் துண்டை வைஸில் இறுக்கி, டிரில்லை அவர் கையில் கொடுத்தான். "நீங்களே கிழிச்சுப் பாருங்க."

நயினார் அழுத்தினார். இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. அடுத்த மூச்சுக்குள் டிரில்லின் பிட் முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அவர் குனிந்து, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் ரோட்டைப் பார்த்தார். ரோடு தெரிந்தது.

"இன்னைக்கு ஏதோ வீம்புக்குப் போகுது," என்றார்.

"தம்பி," மாரீஸ்வரி குறுக்கிட்டாள், "இந்த பேட்டரி பத்து வருஷம் ஓடுமா?"

யாசர் தலையைச் சொறிந்தான். விலையைக் குறைக்கச் சொல்வார்கள், இன்னொரு பேட்டரி ஓசியில் கேட்பார்கள். டிரில்லுக்குப் பத்து வருஷ ஆயுள் கேட்டவர் இதுவரை யாருமில்லை.

"நாலஞ்சு வருஷம் ஏக்தம் பக்கா அக்கா. பெறவு பேட்டரிய மட்டும் மாத்திக்கிடலாம்."

"கேட்டியளா? தீந்தா மாத்திக்கிடலாமாம்."

"தீருற வரைக்கும் ஒழுங்கா ஓடணும்லா," என்றார் நயினார். "சொல்லாமக் கொள்ளாம நடுவுல நின்னா?"

"சொல்லும் அண்ணாச்சி. இந்தா பாருங்க, லைட்டு. கொறையும்போதே காட்டிக் குடுத்துரும். வயர் மிஷின்தான் சொல்லாம நிக்கும். ஃப்யூஸ் போகப் போகுதுன்னு வயர் வந்து ஒங்ககிட்டச் சொல்லுமா?"

நயினார் கொஞ்ச நேரம் அந்தச் சின்ன விளக்கையே பார்த்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்.

"நடுச்சாமத்துல நின்னுட்டா?"

"நடுச்சாமத்துல ஒங்களுக்கு என்ன வேல அண்ணாச்சி?"

மாரீஸ்வரி சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று யாசர் நினைத்தான்.

"முடியாது," நயினார் மறுபடியும் நிமிர்ந்தார். "காலம் பூரா செவுத்துக் கரண்டுல பொழச்சவன் நான். உள்ளுக்குள்ள என்ன நடக்குன்னு கண்ணுக்குத் தெரியாத டப்பாவ நம்பி நான் நடமாட மாட்டேன். வா போவோம், காலிபீலி, வீணா நேரம் போகுது."

"நம்பாண்டாம்." மாரீஸ்வரி திரும்பினாள். "நாளையில இருந்து ஏணிய நான் புடிக்கேன். நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் பின்னாலயே வருவேன். ஷட்டர் நயினாருக்குப் பொண்டாட்டி ஏணி புடிக்கான்னு தாராவியே பாக்கட்டும்."

"ஏட்டி, மானத்த வாங்காத."

"மானம் கெடக்கட்டும். நீங்க இருக்கணும்லா."

நயினார் டிரில்லை மறுபடி எடுத்தார். பட்டனை அழுத்தினார், விட்டார், அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் அது எந்த முரண்டும் பிடிக்காமல் சுற்றியது. மெதுவாகக் கவுண்டரில் வைத்தார்.

"பில் போடவா அண்ணாச்சி?"

"பொறு."

வாசல் வரை போய், இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு போனை எடுத்தார். ரகசியமாகத்தான் பேசினார். ஆனால் ஷட்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ரகசியமும் கடைக்குள் தெளிவாகக் கேட்டது.

"டாக்டர் மேடம், ஷட்டர் நயினார் பேசுதேன். ஆமா, வயர் ஒண்ணும் தட்டல, மயக்கந்தான். நெஞ்சுக்குள்ள பேட்டரி வைக்கணும்னு சொன்னியள்லா, அத நாளைக்கே வச்சிருங்க."