நாற்பத்து மூன்று டிகிரி

புரதத்தைக் காட்டும் ஜெல்லில் நீலக் கோடு விழுந்திருந்தது. சரியான இடத்தில், பென்சிலால் அழுத்தி இழுத்த மாதிரி.

நெவேனா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோடு அங்கேயேதான் இருந்தது.

பதினான்கு முறை அவளுடைய பாக்டீரியாக்கள் அந்தப் புரதத்தைச் செய்தன. பதினான்கு முறையும் அது முறுக்கிக்கொண்டு, கட்டிதட்டி, குழாயின் அடியில் போய் உட்கார்ந்தது. இன்றைக்குத்தான் தெளிந்த நீரில் சமர்த்தாகக் கரைந்து நிற்கிறது.

சனிக்கிழமை யாரோ பாக்டீரியா வளர்க்கும் இன்குபேட்டரின் சூட்டை ஏற்றியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவள் வந்து பார்த்தபோது நாற்பத்து மூன்று டிகிரி. பல்கேரியாவின் பிலோவ்திவ் நகரில் அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். எவரோ பாலுக்கு உறை ஊற்றி உள்ளே வைத்திருக்கிறார்கள்! தயிரை எடுத்துப்போன மகராசருக்குச் சூட்டைக் குறைக்கத் தோன்றவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, சூட்டைத் தணித்து, வேறு வழியில்லாமல் உள்ளே வெந்துகிடந்த தன் பாக்டீரியாக் குடுவையோடே வேலையைத் தொடர்ந்தாள்.

இப்போதல்லவா புரிகிறது! சூடு தாங்காத பாக்டீரியாக்கள் வழக்கமான வேலையைக் குறைத்துக்கொண்டு, மற்ற புரதங்களை ஒழுங்காக மடித்துவிடும் துணைப் புரதங்களை மளமளவென்று செய்து குவித்திருக்கின்றன. அவளுடைய அடங்காப் பிடாரிப் புரதமும் அவற்றின் கையில் சிக்கி வழிக்கு வந்துவிட்டது.

ஆனால் எத்தனை மணி நேரச் சூடு? அது தெரியாமல் இதைத் திரும்பச் செய்துகாட்ட முடியாது. நான்கு மணிக் கூட்டத்தில் அவளுடைய ஆராய்ச்சியை இழுத்து மூடப்போகிறார்கள்.

அறை அறையாக ஓடினாள்.

"சனிக்கிழமை தயிர் வச்ச புண்ணியவான் யாருப்பா? சத்தியமாத் திட்ட மாட்டேன், எப்ப வச்சீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? சாப்பாட்டுப் பொருளை உள்ளே வைத்ததற்காகப் போன மாதம்தான் ஒருவரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து மானத்தை வாங்கியிருந்தார், ஆய்வகத் தலைவி ஷிஷ்கோவா.

மூன்றரை மணிக்கு ஷிஷ்கோவாவே வந்தார். ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவளுடைய நோட்டை இழுத்து, தன் பேனாவால் எழுதினார்: 'சூடு ஏற்றியது, காலை 10.20.'

"எங்க மாமியார் ஊரு உறை," என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "தயிர் தோயறதுக்கு மூணு மணி நேரத்துக்கு மேலயே ஆகும்."