உடையும் பொருள்

ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஒரு வாய் தின்றாள். கண் திரையை விட்டு அகலவில்லை.

கறுப்புத் திரையில் வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவளுடைய கம்ப்யூட்டர் சர்வரைக் கூப்பிடுகிறது. சர்வர் பதில் சொல்கிறது. மறுபடி கூப்பிடுகிறது. மறுபடி பதில்.

ஒரு பதிலாவது தவறாதா என்று காலையிலிருந்து காத்திருக்கிறாள்.

தவறவில்லை.

கோவில்பட்டி பார்சல் ஆபீசில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கொஞ்ச நாளாக அது விட்டு விட்டு மாயமாகிறது. யாராவது பார்சலோடு வந்து நிற்பார். கவுண்டரில் பில் போடுவார்கள். அது சுற்றிச் சுற்றி, கடைசியில் 'டைம் அவுட்' என்று நின்றுவிடும். இன்னொரு தரம் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

வயரை மாற்றினாள். நெட்வொர்க் கார்டைக் கழற்றி, துடைத்து, மாட்டினாள். அப்புறமும் நின்றது.

மேனேஜர் கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். கவுண்டர் அக்காதான் எதையாவது மாற்றி அமுக்கியிருப்பார்கள்.

கவுண்டர் அக்கா செண்பகவல்லிக்குக் காலேஜ் போகிற மகன் இருக்கிறான். அது காதில் விழுந்ததும், ஆபீஸே பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி சுண்டுவிரலை நீட்டி இவளோடு காய் விட்டாள்.

அன்றோடு குழம்பு போயிற்று.

இவள் சோறு கொண்டுவருவாள், அக்கா குழம்பு கொண்டுவருவாள். அப்படித்தான் நடந்துவந்தது. இப்போது ஊறுகாய்.

பேச்சும் போயிற்று. கூப்பிடு தூரம்கூட இல்லை, நாலு எட்டு வைத்தால் தொடலாம். ஆனாலும் மூட்டை தூக்கும் சுடலைமுத்து அண்ணன் வழியாகத்தான் எல்லாம்.

"சுடலைமுத்தண்ணே, சர்வர் படுத்துக்கிடுச்சுன்னு அந்த மேடத்துக்கிட்ட சொல்லுங்க."

அவர் தோளில் தீப்பெட்டி பண்டலோடு திரும்பி, கேட்ட காதுக்கே இன்னொரு முறை சொல்வார். மூட்டை சுமக்கத்தான் தனக்குக் கூலி, பேச்சு சுமக்க இல்லை என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்தாள். இனி எங்கே தவறப்போகிறது என்று கறுப்புத் திரையை மூடிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது ஒருவர் பார்சலோடு நின்றிருந்தார்.

பில் சுற்றியது. நின்றது.

"சுடலைமுத்தண்ணே..."

அவர் வாய் திறப்பதற்குள் இவள் உட்கார்ந்துவிட்டாள்.

கறுப்புத் திரையைத் திறந்தாள். சர்வர் பதில் சொன்னது. மூடினாள். ஆள் வராத நேரம் பார்த்து, தானே ஒரு வெற்று பில் போட்டாள். நின்றது. திறந்தாள். ஓடியது.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்வரை விழித்திருக்கிறது.

கார்டின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். ஒரு மூலையில் சின்னதாக ஒரு டிக். வேலை இல்லாத நேரத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு தூங்கலாம் என்று அனுமதி. யாரும் பேசவில்லையா, தூங்கிவிடும். அடுத்து வருகிறவரின் பில் அதன் தூக்கத்தில் போய் முட்டும்.

அக்கா எதையும் அமுக்கவில்லை.

டிக்கை எடுத்தாள். கறுப்புத் திரையை மூடினாள். ஆபீஸ் ஓயும்வரை பொறுத்திருந்து, மறுபடி ஒரு வெற்று பில்.

ஓடியது.

எழுந்து கவுண்டர் வரை போனாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அக்கா நிமிர்ந்து பார்த்ததும் அடுக்கியது சரிந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வந்தவள் போலக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

சுடலைமுத்து அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம். இதை அப்படி அனுப்பக் கூடாது.

பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போனாள். வாழைத்தாரிலிருந்து நல்லதாக ஒரு பழம் பிய்த்துத் தரச் சொன்னாள்.

ஒன்று போதுமா என்றார் கடைக்காரர்.

ஒன்று போதும்.

பார்சலில் ஒட்டுகிற சிவப்பு லேபிள் ஒன்றை அதன் மேல் ஒட்டினாள். 'கவனம். உடையும் பொருள்.' அக்கா குனிந்து பேனாவைத் தேடிய நேரத்தில் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்துகொண்டாள்.

திரையையே பார்த்தாள். அதில் ஒன்றும் ஓடவில்லை.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

லேபிள் பிரியும் சத்தம்.

அப்புறம் தோல் உரிக்கும் சத்தம்.

"சுடலைமுத்தண்ணே." வாய் நிறைய இருந்ததில் குரல் குழறியது. "நாளைக்கு வத்தக்கொழம்பு வைக்கேன். சோறு மட்டும் கொண்டுவந்தாப் போதும்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க."

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

தெருவில், லாரியின் உச்சியில் நின்று, சுடலைமுத்து அண்ணன் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்.