மூன்றாம் மாடிக் கைதி

மிசியே லூடோவிக் மறுபடியும் கதவைக் குத்தத் தொடங்கிவிட்டார். சாவி, அந்தப் பாரிஸ் வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் கோசலையின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

கிழவர் லேசுப்பட்டவர் அல்ல. நாவலும் தத்துவமுமாகப் பதினெட்டுப் புத்தகம், அத்தனையிலும் மனித விடுதலைதான் பேச்சு. வாலிப வயதில் சிறைவாசலில் நின்று கோஷம் போட்ட படம் சுவரில் இருந்தது.

மறதி நோய் வந்ததும் அந்த மனிதரையே பூட்டி வைக்கச் சொல்லிவிட்டாள் மகள் இசபெல். கையைப் பிடித்துக்கூட வெளியே கூட்டிப்போகக் கூடாதாம்.

கைபேசி அடித்தது. தோழி பரமேஸ்வரி. லா சப்பல் தெருவில் பிள்ளையார் தேர் வந்துகொண்டிருந்தது. தேங்காய் உடைபடும் சத்தம் போனிலும் கேட்டது, சன்னலிலும் கேட்டது.

“கீழைதான் நிக்கிறன். பத்து நிமிசம் வந்திட்டுப் போவன்டி!”

“எப்பிடி வாறது? மனிசனைத் தனிய விட்டால் இசபெல் வேலைக் கடிதம் தராள். கடிதம் இல்லாட்டி எனக்கு விசா இல்லை.”

“மூண்டு வருசமா இதைத்தானே சொல்லுறாய். ஞாயிறும் லீவில்லை, தேருக்கும் லீவில்லை!”

போனை வைத்துவிட்டுச் சன்னலோரம் கும்பிடப் போனவளுக்கு அழுகைதான் வந்தது.

பின்னால் கிழவர் பொரிந்து தள்ளினார். வேகமான பிரெஞ்சு அவளுக்குப் பிடிபடாது. ‘கதவு’, ‘விடுதலை’ இரண்டும்தான் விளங்கின. திரும்பினால், வழக்கம்போல அவளுடைய செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். தன்னுடையது எது என்றுகூடத் தெரியாமல் போய்விட்டது, பாவம்.

“ஐயோ மிசியே, அதை வையுங்கோ!”

அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கோசலைக்கு மனம் கேட்கவில்லை. வன்னி முகாமில் முட்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளும் இப்படிக் கெஞ்சியவள்தான். கடிதம் போனால் போகட்டும் என்று பூட்டைத் திறந்துவிட்டாள்.

கிழவர் வாசற்படியைத் தாண்டவில்லை. மெல்லக் குனிந்து, செருப்பு இரண்டையும் வெளியே, அவள் கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்தார். பிறகு அவளுக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

“போங்கள், மதாம். உங்களைத்தான் விடச் சொன்னேன்.”