கிழக்கு பார்த்த வாசல்

கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் பிற்பகல் காற்று ஓய்ந்து கிடக்கிறது. பிறந்த ஊர் வழக்கப்படி ஓலைக் குடிசைக்குக் கிழக்கே வாசல் வைத்துவிட்ட புதுமருமகள் அசேக்கோன், வாசல் கட்டின் கடைசி முடிச்சை இறுக்கியபடி குன்றைப் பார்க்கிறாள். வெள்ளைக் காற்றாலைகள் வெயிலில் அசையாமல் நிற்கின்றன. "அதெல்லாம் ஏன் ஒரே பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது?" என்று கேட்கிறாள். புகையிலையை அதக்கிக்கொண்டு நாத்தனார் நங்கிரோ சிரிக்கிறாள். "அதுங்க காத்தத் தின்னு பொழைக்குதுங்க அண்ணி. பொழுது சாய்ஞ்சா அது வர்ற வழியப் பாத்து இப்பவே வாயத் தொறந்து வச்சிருக்குதுங்க. நீங்க எதுக்கு அதே பக்கம் தொறந்து வச்சிருக்கீங்க?" அசேக்கோன் திரும்பிப் பார்க்கிறாள். வாசலுக்கு நேரே, காய்ந்த ஓலைச் சுவரை ஒட்டி, அடுப்பில் தணல் கனிந்துகொண்டிருக்கிறது. குன்றின் மேல் ஓர் இறக்கை மெல்ல அசைகிறது. பிறகு இன்னொன்று. அவள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறாள்.