பாத்திக்குப் போட்ட பலகை

தச்சர் பழனி தன் வண்டியில் எதையோ சாக்கால் சுற்றிக் கட்டுவதை ஜெயப்ரியா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாக்கு விலகிய இடத்தில் தெரிந்தது தேக்குப் பலகை.

மாமனார் பரமசிவத்தின் தேக்கு. இருபத்தைந்து வருஷம் நடத்திய சாயப்பட்டறையை இடித்தபோது அவர் ஆசையாக எடுத்து வந்தது அந்த ஆறு பலகைகளை மட்டும்தான். வீட்டுப் பின்னால் மண் முழுக்கக் கட்டட இடிபாடு. அதனால் தரைக்கு மேலே மரத்தால் பெட்டி மாதிரி இரண்டு பாத்தி கட்டி, நல்ல மண் கொட்டி, இரண்டு வயசுப் பேத்திக்கு மருந்தடிக்காத கீரை போட வேண்டும் என்று அவரேதான் பலகையைக் கொடுத்தார்.

வண்டி போனதும் தோட்டத்துக்கு ஓடினாள்.

முதல் பாத்தி முடிந்திருந்தது. எட்டடி நீளம், முழங்கால் உயரம், மூலைக்கு மூலை போல்ட். பிடித்து ஆட்டினாள், அசையவில்லை. பலகையை நகத்தால் கீறி முகர்ந்தாள்.

வேம்பு.

"பழனி வேலை எப்படிம்மா இருக்குது? என் தேக்கு இன்னும் அம்பது வருஷம் தாங்கும், பாரு" என்றார் பின்னாலேயே வந்த பரமசிவம். கண்ணில் புரை. அவருக்கு எல்லாப் பலகையும் ஒன்றுதான்.

"நல்லா இருக்குது மாமா."

கணவன் உதயகுமார் விற்கப் புடவை எடுத்துக்கொண்டு பெங்களூரு போயிருந்தான், போனை எடுக்கவில்லை. 'நீ பார்த்துக்கினு சும்மாவா இருந்தே?' என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெரு பிரவீனா போனில் கூப்பிட்டாள்.

"ப்ரியா, எங்க மாடித் தோட்டத்துக்கும் பழனியத்தான் வரச் சொல்லியிருக்கேன். ஆளு எப்படி?"

ஜெயப்ரியா கொஞ்சம் தயங்கினாள்.

"வேலை சுத்தம்தான். கைதான் சுத்தமில்ல."

மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முசரவாக்கத்தில் இருக்கும் பழனியின் தச்சுக் கொட்டகைக்கே போய்விட்டாள். ஆறு தேக்கும் சுவரில் சாய்ந்திருந்தன.

"எங்க பலகை இங்க எப்படிண்ணா வந்துச்சு?"

பழனி கீழே கிடந்த தேக்குச் சீவலை எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவந்தது.

"இழைக்கும்போதுதான் பார்த்தேன்மா. உள்ள வரைக்கும் சாயம் ஊறிக்கினு இருக்குது. இதுல மண்ணைக் கொட்டிக் கீரை போட்டா, பாப்பா இல்ல சாப்பிடும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க பெரியவர்கிட்ட சொல்ல வேண்டி வரும். பேத்திக்கு நானே விஷத்தை எடுத்துக் கொடுத்தேனேன்னு மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. உதயா தம்பி வந்ததும் அவர் காதுல மட்டும் போடலாம்னு இருந்தேன்."

"வேப்பம் பலகை?"

"எங்க வீட்டு மரம்தான். புயல்ல சாஞ்சது. கதவுக்குன்னு அறுத்து வெச்சிருந்தேன், அது அப்புறம் பார்த்துக்கலாம். இந்தத் தேக்குல, மிச்சப் பலகைன்னு சொல்லி, பெரியவர் உக்கார ஒரு பெஞ்சு பண்ணித் தந்துடறேன்."

ஜெயப்ரியா அங்கிருந்த மரக்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டாவது பாத்தி எப்போண்ணா?"

"அடுத்த வாரம்னுதான் நெனச்சேன். நாளைக்குப் பிரவீனாம்மா வீட்ல வேலை ஆரம்பிக்கறதா இருந்தது. நேத்து போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. ஏன்னு சொல்லல."

பழனி இழைப்புளியில் ஒட்டியிருந்த தூளை ஊதினார்.

"அதுவும் நல்லதாப் போச்சும்மா. நாளைக்கே வந்து உங்க பாத்திய முடிச்சிடறேன்."