நீல மூடிப் புட்டி

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் காலை, மருந்துக்கடைக்காரி ஜனெல் ஒட்டிய உறையைக் கையில் எடுத்தாள்.

வெர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவன் டெல்மார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

வெர்னாவின் தைராய்டு சுரப்பதை நிறுத்தி இரண்டு வருடம். ஆலையில் செய்த மாத்திரைதான் சரி என்றார் டாக்டர். பன்றித் தைராய்டை உலர்த்திப் பொடித்ததுதான் வேண்டும் என்றாள் இவள். அயோவாவில் முப்பது வருடம் பன்றி வளர்த்தவள் வேறு என்ன சொல்வாள்?

கடைசியில் டாக்டரே வழி சொன்னார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல; எந்தப் புட்டியில் எது என்பது ஜனெலிடம் ஒட்டிய உறைக்குள் இருக்கும். சிவப்பு மூடிப் புட்டி ஐம்பத்தாறு நாள், அப்புறம் நீல மூடி ஐம்பத்தாறு நாள். எது ஒத்துக்கொள்கிறதோ அதுவே ஆயுளுக்கும்.

சிவப்பில், சர்ச்சில் பிரசங்கம் தொடங்குமுன் தூங்கிவிட்டாள். நீலத்தில், போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் போல்கா நடனம் ஆடியே மூன்று ஆண்களைக் களைத்து உட்கார வைத்தாள்.

"நீலந்தான் பன்னி. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா? பிரிம்மா."

ஜனெல் பிரித்தாள். "சிவப்புதான் பன்னி."

வெர்னாவுக்கு முகமே விழுந்துவிட்டது. "நம்ம பன்னியா என்னைத் தூங்க வெச்சுது?"

டெல்மார் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஜனெல் பழக்கத்தில் கேட்டாள். "ரெண்டையும் வெறும் தண்ணியிலதானே முழுங்குனீங்க? காபி சேந்தா மருந்து சரியா உள்ள எறங்காது."

"சிவப்பைக் காபியிலதான். விடியக்காலை அஞ்சு மணிக்குத் தண்ணி யாரு குடிப்பா? நீலம் தொடங்குன அன்னிக்குப் பாத்து காபி மெஷின் செத்துப்போச்சு. இந்த மனுஷன் ரிப்பேருக்குக் குடுத்தாரு, இன்னும் வரல. நான் பத்து மணிக்கு டவுனுக்கு வந்து குடிக்கிறேன். இவரு என்னடான்னா காபியே இல்லாம சிரிச்சுக்கிட்டே பன்னிக் கொட்டாய்க்குப் போறாரு."

ஜனெல் காகிதத்தை மடித்தாள். "அப்ப இது கணக்குல சேராது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ரெண்டும் தண்ணியில."

வெர்னாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம பன்னி தோக்கல! மெஷின் செத்ததும் நல்லதுக்குத்தான்."

டெல்மார் தொண்டையைச் செருமினான்.

"சாகல, வெர்னா. காபியோட முழுங்கக் கூடாதுன்னு நீலப் புட்டியில ஒட்டியிருந்ததைப் படிச்சேன். சொன்னா நீ கேக்கமாட்ட. மெஷின் பன்னிக் கொட்டாயிலதான் இருக்கு."